ஐந்து போத்தல்களும் ஒரு பொய்ப் பன்னீரும்

ஜனவரி 21, செவ்வாய்

வெயில். ஒழுங்கையின் முனையில் கடல் இருக்கிறது, ஆனால் காற்று வீட்டுக்கு வருவதாக இல்லை. வெள்ளவத்தையில் ரயில் சத்தம் மட்டும் எல்லாருக்கும் இலவசம்.

பிரஷ் கழுவினேன். முப்பத்தொன்று. கண்ணுக்குப் பதினாறு, முகத்துக்குப் பதினைந்து. ஓ.எல். பரீட்சை எழுதியாயிற்று, பெறுபேறு வரும்வரை லீவு என்று பள்ளிக்கூடம் சொன்னது. அதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு மணப்பெண் அலங்காரம் தொழில். எங்கள் ஃபிளாட்டின் முன்னறைதான் சலூன். தை பிறந்ததிலிருந்து கல்யாணத்தின் மேல் கல்யாணம். உதவிக்குச் செல்வி அக்கா. ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். என்னைவிடப் பத்து வயது கூட, பத்து மடங்கு பொறுமை.

கழுவும் முறை, அம்மாவின் சட்டப்படி: ஸ்பிரிட்டில் முக்கு. உடுப்புச் சவர்க்காரத்தில் தேய். அலசு. கப்பில் நிமிர்த்தி வை. அறை முழுக்க ஆஸ்பத்திரி மணம். அம்மா இருமினார். கேட்டால் தூசியாம்.

விஞ்ஞானப் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. சவர்க்காரத்தில் காரம். அலங்காரத்திலும் காரம். அம்மாவின் அதிகாரத்தில் மிளகாய்த்தூளே உண்டு. செல்வி அக்காவிடம் சொன்னேன். "பாப்பா, மொதல்ல அந்த பிரஷ்ஷ ஒழுங்காப் புழிங்க" என்றார். ரசிகை இல்லாத கலைஞி நான்.

பிற்பகல் வேலை இல்லை. எனவே வேலை உண்டாக்கினேன்.

பல்கனியில் ஐந்து போத்தல்கள். எல்லாம் பழைய சோடாப் போத்தல்கள். எங்கள் வீட்டில் எந்தப் போத்தலும் ஒரு பிறவியோடு முடிவதில்லை. லேபல் இல்லை, அம்மா மணந்து பார்த்தே எடுப்பார். நான் லேபல் எழுதி ஒட்டினேன், அம்மாவின் கையெழுத்திலேயே. (அந்தக் கையெழுத்தில் நான் அம்மாவைவிடக் கெட்டிக்காரி. பாடசாலைக் கடிதங்கள் சாட்சி.)

1. ஸ்பிரிட்: "மது. தொடாதே, இது மதுராவின் பெயரில் உள்ளது." (மதுரா நான்தான்.)
2. பாத்திரம் கழுவும் திரவம்: "தேசிக்காய்த் தண்ணி. சீனி போடவில்லை."
3. வினாகிரி: "நாலாம் மாடி அன்ரியின் வாழ்த்து."
4. ஷாம்பு: "அப்பாவுக்குத் தேவைப்படாது."
5. நிலம் துடைக்கும் மருந்து. முச்சக்கரவண்டியில் கலனோடு வருகிறவரிடம் ஊற்றி வாங்குவது. ரோசா நிறம், ரோசா மணம். இதற்கு மட்டும் பகிடி இல்லாமல், நல்லபிள்ளை மாதிரி: "பன்னீர். மணப்பெண்ணுக்கு மட்டும்."

ஐந்தாவதன் இலக்கு அப்பா. ஞாயிற்றுக்கிழமை நிலம் துடைப்பது அவருடைய முறை. போத்தலைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தும்புத்தடியோடு நிற்பார். ஞாயிறு வரை பொறுக்க வேண்டும். கஷ்டம்.

ஜனவரி 23, வியாழன்

மீன் கடையில் முக்கால் மணித்தியாலம். பாரை. செதிள் எடுக்கிறவர் எனக்கு மட்டும் பாதி செதிளை விட்டுத் தந்தார்.

திரும்பி வந்தால் ட்ரையல் முடிந்து கதிரையில் தர்ஷினி அக்கா. கொட்டாஞ்சேனை. பாலர் வகுப்பு ரீச்சர். கல்யாணம் பெப்ரவரி 9. அம்மா செய்த முகம், உண்மையாகவே வடிவு. கன்னம் விளக்கு வைத்தது போல.

"லிஃப்டில நோட்டீஸ் ஒட்டினது நீரோ?" என்று கேட்டார்.

"எந்த நோட்டீஸ்?"

"ஏறமுதல் உங்கட நிறையைச் சத்தமாச் சொல்லவும் எண்டு. நான் ஐம்பத்தெட்டு எண்டு கத்திப்போட்டெல்லோ ஏறினனான். பக்கத்தில ஒரு ஐயா நிண்டவர்."

"அவர் எவ்வளவு சொன்னவர்?"

"எண்பத்தொண்டு. பாவம், ரெண்டு தரம் சொன்னவர்."

நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இருக்கட்டும். ஒரு நாளைக்கு உமக்குத் திருப்பித் தாறன்" என்றார். இவரிடம் படிக்கிற குஞ்சுகள் கொடுத்துவைத்தவை.

போகும்போது கன்னத்தை இரண்டு தரம் தொட்டார். அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 24, வெள்ளி. காலை

போனில் படம் வந்தது. தர்ஷினி அக்காவின் இரண்டு கன்னமும் சிவப்பு. வெட்கச் சிவப்பு இல்லை. பொரிபொரியாக, பிரஷ் போன தடத்திலேயே.

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு வரிசையாகப் பழி. முதலில் புது ஃபவுண்டேஷன். அதையே புதன்கிழமை இன்னொரு பெண்ணுக்கும் போட்டார், அவருக்கு ஒன்றுமில்லை. அடுத்தது செல்வி அக்கா.

"செல்வி, ஸ்பிரிட் காய முதல் பிரஷ்ஷை எடுத்தனீரோ?"

"இல்ல மிஸ். நல்லாக் காஞ்சிருந்திச்சு. வழக்கம் போல பன்னீர் ஸ்பிரே பண்ணித் தொடச்சுக் குடுத்தேன், அவ்ளோதான்."

"பன்னீர் போன கிழமையே முடிஞ்சுதெல்லோ?"

"பல்கனில ஒரு போத்தல் இருந்திச்சே மிஸ். ஒங்க எழுத்துல."

அம்மாவின் காதில் அது விழவில்லை. போன் அடித்தது. நான் கேட்டேன். முழுவதும் கேட்டேன்.

போனில் தர்ஷினி அக்காவின் அம்மா. நாளை பத்து மணிக்குத் தோல் டொக்டர். முகத்தில் பட்ட எல்லாவற்றையும் எழுதி அனுப்பட்டாம், அதைப் பார்த்துத்தான் மருந்தாம். கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பதா என்று பிறகு முடிவாம்.

போனை வைத்துவிட்டு அம்மா செல்வி அக்காவிடம், "திங்கட்கிழமை வரவேண்டாம். நான் சொல்லி அனுப்புறன்" என்றார். செல்வி அக்கா பையை எடுத்தார். படி இறங்கும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார், வழக்கம் போல.

என்னிடம் இருந்த வழிகள்:
அ. லேபலைக் கிழித்து எறிவது. யாருக்கும் தெரியாது.
ஆ. ஞாபகம் இல்லாதது போல் நடிப்பது. நடிப்பில் கெட்டிக்காரி.
இ. சொல்வது.

அ, ஆ இரண்டிலும் டொக்டருக்குப் போகும் பட்டியலில் நிலம் துடைக்கும் மருந்து இருக்காது. டொக்டர் பவுடருக்கு வைத்தியம் பார்ப்பார். செல்வி அக்கா திங்கட்கிழமை ஜிந்துப்பிட்டியிலேயே இருப்பார்.

அதே நாள், பின்னேரம்

சொல்லிவிட்டேன். மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா மேசையில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதில ஒண்டு குறையுது."

"என்ன குறையுது? பவுடர் வரைக்கும் எழுதிட்டன்."

"நிலம் துடைக்கிற மருந்து."

"உன்ர பகிடிக்கு இது நேரம் இல்ல, மது."

"பகிடி இல்ல அம்மா."

"எடியே, எழும்பி வந்தனெண்டா தெரியும்."

பகிடிக்காரியாக வாழ்வதில் உள்ள கரைச்சல் இது. உண்மை சொன்னால் கைதட்டல் கூடக் கிடையாது. மூன்றாம் தரம் போத்தலையே கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அம்மா லேபலைப் பார்த்தார். தன் எழுத்தையே பார்த்தார். "ப" வின் வால் வரை அவருடையது. மூடியைத் திருகி மணந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. பட்டியலில் கடைசியாக ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு, "செல்விக்கு நீ அடி" என்று போனை நீட்டினார்.

செல்வி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஜிந்துப்பிட்டி கோயில் மணி. பிறகு, "நா எழுத்தத்தான பாப்பா நம்புனேன்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருக்கலாம்.

ஜனவரி 25, சனி

அம்மாவும் நானும் கொட்டாஞ்சேனை. மடியில் போத்தல், பொலித்தீனுக்குள். டொக்டர் அதன் உள்ளடக்கத்தைக் கேட்டார். கலனில் வாங்கியது, யாருக்குத் தெரியும். கிருமிநாசினி, நிறம், வாசனை. மூன்றும் முகத்துக்கு ஆகாது என்றார். மருந்து தந்தார், ஒரு கிழமைக்கு முகத்தில் வேறெதுவும் வேண்டாம் என்றார். தழும்பு வராதாம். அம்மா அதை இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். நான் மனதுக்குள் நாலு தரம்.

பிறகு தர்ஷினி அக்கா வீடு. அவருடைய அம்மா எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தார், முகம் தரவில்லை.

"பன்னீர் எண்டு எழுதினது நீரோ?" தர்ஷினி அக்கா கேட்டார்.

"ஓம்." ஐந்து போத்தல் கதையையும் சொன்னேன்.

"ஏன் மற்றதுகளில பகிடி எழுதிப்போட்டு இதில மட்டும் ஒழுங்கா எழுதினனீர்?"

நல்ல கேள்வி. ரீச்சரின் கேள்வி. "ஒழுங்கா எழுதினாத்தான் அப்பா ஏமாறுவார்" என்றேன்.

அவர் கன்னத்தைத் தொடப் போய் கையை எடுத்துக்கொண்டார். "எனக்கு ஒன்பதாம் திகதி கல்யாணம். உங்கட அம்மாட கை எனக்குப் பிடிச்சிருக்கு. பிரஷ்ஷைத்தான் நம்பேலாது. என்னத்தில கழுவுறீங்கள் எண்டு சொல்லும். பிறகு அதே பிரஷ்ஷை முதல்ல உம்மட முகத்தில போட்டுக் காட்டும். அதுக்குப் பிறகு யோசிக்கிறன்."

அம்மா வாய் திறக்க முன் நான் ஓம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

செல்வி அக்கா வந்தார். அம்மா நேற்றே பேசி வரச் சொல்லியிருந்தார். எனக்கு முதல் வேலை: ஐந்து போத்தலுக்கும் புது லேபல். என் சொந்தக் கையெழுத்தில். "நிலத்துக்கு மட்டும். முகத்தில் படக்கூடாது." வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சலிப்பான வசனம். அழகாகத்தான் இருக்கிறது.

ஆராய்ச்சி தொடங்கியது. அழுக்குப் பிரஷ்கள் ஐந்து, ஐந்திலும் ஒரே ஃபவுண்டேஷன். முழங்கைக்கு உட்புறம் பேனையால் ஐந்து சதுரம். ஒவ்வொரு பிரஷ்ஷும் கழுவிக் காய்ந்தபின் தன் தன் சதுரத்தில், ஐம்பது தடவல்.

அப்பா: "கையில என்ன பிள்ளை, காணி பிரிச்சு உறுதி எழுதினதோ?"

"ஓம் அப்பா. உங்களுக்குப் பங்கில்ல."

முதல் மூன்று:

ஸ்பிரிட். கிருமி போகும், நிறம் பாதிதான் போகும். கதவைப் பூட்டிவிட்டுக் கழுவினால் அம்மாவின் "தூசி" தொடங்கும். பல்கனியில் வைத்துக் கழுவினேன், அம்மா இருமவில்லை. தூசி எங்கே போனது என்று கேட்டேன். முறைத்தார். இதையே பழகின ஆட்டுமயிர்ப் பிரஷ் இப்போது தும்புத்தடிக்குத் தங்கச்சி.

பாத்திரத் திரவம். ஃபவுண்டேஷனை ஒரே தேய்ப்பில் கழற்றுகிறது. ஆனால் எட்டுத் தரம் அலசியும் நுரை. வாசனை போகவே இல்லை. கன்னத்தில் போட்டால் கறிச்சட்டி மாதிரி மின்னலாம்.

தேசிக்காயும் வினாகிரியும். போன் வீடியோவில் ஒரு பெண் "இரசாயனமே இல்லை" என்று சிரித்துச் சிரித்துச் செய்து காட்டினார். வினாகிரியே இரசாயனம், அதுவும் ஓ.எல். வினாத்தாளில் வந்த இரசாயனம். பிரஷ் அச்சாறு மணந்தது. கையில் கடி, ஒரே அரிப்பு.

ஜனவரி 28, செவ்வாய்

காலி வீதியில் "இயற்கை" கடை. ஏசி. பேசினால் கூச்சம் வரும் அமைதி. பிரஷ் கழுவுவதற்கென்றே ஒரு போத்தல், இலை படம், பூ படம். முன்பக்கத்தில் "இயற்கை" யானை எழுத்தில். பின்பக்கத்தில் உள்ளடக்கம் எறும்பு எழுத்தில். ஐந்தாறு பூ எண்ணெய், அதற்கு மேல் "வாசனை" என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் எத்தனை சாமான் இருக்கிறதோ, யார் கண்டது. எனக்கும் பன்னீர் என்று ஒரே ஒரு சொல்தான் எழுதத் தெரிந்தது.

கடைப் பெண் பஞ்சில் கொஞ்சம் ஊற்றித் தந்தார், நாலாம் பிரஷ்ஷுக்கு அது போதும். "நெச்சுரல் தானே, ஒண்டும் செய்யாது" என்றார். மயிர்க்கொட்டிப் புழுவும் நெச்சுரல்தான், முகத்தில் விட்டுப் பார்க்கலாமே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. திருந்தி வருகிறேன்.

பிறகு பார்மசி. சிங்கள மாமா ஒருவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, "மூணட்டத நங்கி?" என்றார். முகத்துக்கா தங்கச்சி என்று. ஓம் என்றேன். நான் காட்டின வாசனைச் ஷாம்புவைத் தள்ளி, "மூணட்ட சுவந்த எப்பா" என்றார். முகத்துக்கு வாசனை வேண்டாமாம். அடித்தட்டிலிருந்து ஒரு குழந்தைச் ஷாம்பு எடுத்தார். நிறமில்லை, மணமில்லை, பூ படம் இல்லை. உள்ளடக்கம் முழுவதும் வாசிக்கக்கூடிய எழுத்தில். இவ்வளவு சாதுவான போத்தலை நான் கண்டதில்லை. பகிடி எழுதக்கூட இடம் கிடைக்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

கை அறிக்கை:

ஸ்பிரிட் சதுரம்: வறண்டு வெள்ளை.
பாத்திரத் திரவம்: லேசான சொறி.
தேசிக்காய்: நேற்றுக் கடி, இன்று பரவாயில்லை.
இயற்கை: சிவப்பு. ஐந்திலும் மிகச் சிவப்பு. பூக்களின் பழி.
குழந்தைச் ஷாம்பு: ஒன்றுமில்லை. வெறும் கை.

அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"பன்னெண்டு வருசமா ஸ்பிரிட்டில கழுவுறன். ஒருத்தருக்கும் ஒண்டும் வந்ததில்ல."

"உங்களுக்கு வந்திருக்கே அம்மா."

"எனக்கு என்ன?"

"தூசி."

செல்வி அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு பஞ்சு அடுக்கினார். தோள் குலுங்கியது. எனக்கு ரசிகை கிடைத்துவிட்டார்.

பேரம் நடந்தது. முடிவு: ஸ்பிரிட் உலோகத் தட்டுக்கும் கத்திரிக்கும் மட்டும், பல்கனிக் கதவு திறந்து. மயிருள்ள எதற்கும் ஷாம்பு. வெதுவெதுப்பான தண்ணீர், முனை கீழ்நோக்கி, தண்ணீர் கண்ணாடி போல் தெளியும்வரை. பிரஷ்ஷின் உலோகக் கழுத்துக்குள் தண்ணீர் ஏறக் கூடாது, பசை விட்டுவிடும். கப்பில் நிமிர்த்தி வைப்பது தடை. மேசை விளிம்பில் தலையை வெளியே நீட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் தனிப் பிரஷ் கட்டு. பன்னீர் யாருக்கும் இல்லை, உண்மையானதும் கூட.

கடைசிச் சட்டம் செல்வி அக்காவுடையது: "லேபல நா எழுதுறேன்."

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின விடுமுறை. தெருவெல்லாம் கொடி. பஸ் குறைவு. கொட்டாஞ்சேனைக்கு நாங்கள் மூவரும்.

தர்ஷினி அக்காவின் கன்னம் ஆறிவிட்டது. ஜன்னலடியில் பார்த்தேன், தடம் இல்லை. இருந்தும் அவர் அம்மா வாசலில் சாமிப்படம் போல நின்றார்.

கதிரையில் நான். செல்வி அக்கா கட்டை அவிழ்த்து, அதே பிரஷ்களால், என் இடது பக்கம் மட்டும் முழு மணப்பெண் அலங்காரம். தர்ஷினி அக்கா ஒவ்வொரு பிரஷ்ஷாக வாங்கி மணந்தார்.

"ஒண்டும் மணக்கேல்லையே."

"அதுதான் நல்ல செய்தி" என்றேன்.

இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தேன். சித்தி ஒருவர் வந்து வலப்பக்கம் பார்த்து "ஆரிது பெடியனோ" என்றும், இடப்பக்கம் பார்த்து "ஐயோ வடிவு" என்றும் சொன்னார். பிறகு துடைத்தார்கள். ஒன்றுமில்லை. தர்ஷினி அக்கா தன் தாடைக்கடியில் ஒரு பிரஷ்ஷைத் தடவிக்கொண்டு, நாளை சொல்கிறேன் என்றார்.

துடைத்தது கன்னம் மட்டும். கண் அலங்காரம் அப்படியே. பஸ்ஸில் கண்டக்டர் என் ஒற்றைக் கண்ணை உற்றுப் பார்த்து, "ஹாஃப் டிக்கட்த நங்கி?" என்றார். என்னை விட நல்ல பகிடி. பொறாமை.

பெப்ரவரி 5, புதன்

ஒன்பது மணிக்குச் செய்தி: "தாடையில் ஒன்றுமில்லை. ஞாயிறு ஆறு மணிக்கு வாங்கோ."

அம்மா போனைச் சாமியறைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். யாருக்குக் காட்டினார் என்று கேட்கவில்லை.

பெப்ரவரி 8, சனி

கழுவினேன். பதினெட்டுப் பிரஷ். தண்ணீர் தெளிந்தபின் இன்னும் ஒரு தரம். மேசை விளிம்பில் படுக்க வைத்தேன். ரயில் போகும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது, போய்ப் போய்ப் பார்த்தேன். பிரஷ்ஷுக்கு இல்லை, எனக்குத்தான் பிரஷர்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கல்யாண வீட்டு மாடியறையிலிருந்து, பெண்ணை இறக்கியபின் எழுதுவது. கீழே நாதஸ்வரம்.

ஆறு மணிக்கு வந்தோம். நான் பிரஷ் கட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் அறைக்குள். தர்ஷினி அக்கா கட்டிலில், முகத்தை மூடித் துவாயோடு. தோள் மட்டும் அசைந்தது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா?"

துவாயை இறக்கினார். இரண்டு கன்னமும் சிவப்பு. பொரிபொரியாக. தாடை வரை.

"அண்டைக்குத் தாடையில தடவினனானெல்லோ" என்றார். குரல் உடைந்திருந்தது. "இண்டைக்குக் காலமை இப்பிடி."

கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். குழந்தைச் ஷாம்பு, ஐந்து சதுரம், தெளிந்த தண்ணீர், எல்லாம் ஒரேயடியாக வந்து போனது. "நான்தான் கழுவினனான் அக்கா. அம்மாவில பிழையில்ல, செல்வியக்காவில பிழையில்ல" என்றேன்.

பின்னால் செல்வி அக்கா. நிதானமாக வந்தார். பஞ்சை எடுத்தார். மணப்பெண்ணின் கன்னத்தில் ஒரே இழுப்பு. சிவப்பு பஞ்சுக்கு வந்தது. கீழே வெறும் கன்னம், சுத்தமாக.

"லிப்ஸ்டிக்கு பாப்பா" என்றார். "முந்தாநாளே நாந்தான் போன்ல சொல்லிக் குடுத்தேன், எப்புடிப் புள்ளி வைக்கணும்னு."

தர்ஷினி அக்கா கட்டிலில் சரிந்து சிரித்தார். "ஐம்பத்தெட்டு" என்றார். "லிஃப்டில சத்தமாச் சொன்னனானெல்லோ."

அம்மா வாசலில். அவருக்கும் முன்பே தெரியும் என்பது முகத்தில் எழுதியிருந்தது, சொந்தக் கையெழுத்தில்.

பிறகு கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பினார், கையை நீட்டினார். "பிரஷ் காய்ஞ்சிட்டுதோ, மது?"

பிரஷ் காய்ந்திருந்தது. நான்தான் தெப்பமாக நனைந்திருந்தேன். முதலாவதை எடுத்துக் கொடுத்தேன்.